ஆறு எண்கள் காட்டும் அழகு

175, 245, 248, 249, 273, 282. புற்றுநோயை மூலக்கூற்று மட்டத்தில் ஆராய்கிறவர்களுக்கு இந்த ஆறு எண்களும் மனப்பாடம். பி53 என்ற மனிதப் புரதம் 393 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. அதில் எந்த இடத்திலும் விகாரம் நேரலாம். ஆனால் உலகெங்கும் நோயாளரின் கட்டிகளில் கண்ட விகாரங்களை அடுக்கிப் பார்த்தால், அவை இந்த ஆறு இடங்களிலேயே வந்து வந்து குவிகின்றன. மருத்துவருக்கு இவை நோயின் தடயங்கள். அந்தப் புரதத்தின் வடிவத்தை இரசிக்கப் போகிறவருக்கு இவையே வழிகாட்டிகள். வேலைப்பாடு எங்கே மிக நுண்ணியதோ அங்கேதான் நோய் கை வைத்திருக்கிறது. அந்த ஆறு இடங்களிலும் ஒவ்வொன்றாக நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பி53 ஒரு படியெடுப்புக் காரணி. கலத்தின் கருவுக்குள் நீண்டு கிடக்கும் டி.என்.ஏயில் குறித்த ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, அதையடுத்த பரம்பரையலகைத் தொழிற்படச் செய்வது அதன் கடமை. டி.என்.ஏ சேதமடையும்போது கலத்தில் பி53 பெருகுகிறது. அது எழுப்பிவிடும் பரம்பரையலகுகளில் சில கலப்பிரிவை நிறுத்தி வைக்கும். சேதம் திருத்த முடியாததென்றால் வேறு சில அந்தக் கலத்தையே சாகவைக்கும். கெட்டுப்போன ஒரு கலம் பெருகாமலே முடிந்துபோவது உடம்புக்கு நல்லது. பி53 பழுதானால் அந்தத் தடை போய்விடும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இது எங்கோ தொலைவில் நடக்கும் கதை அல்ல. இலங்கை ஆண்களிடம் முன்னிலையில் நிற்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலைத் தட்டில் இருக்கும் பாக்கு தன்னளவிலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. அதனோடு சேரும் புகையிலையோ இம்மண்ணின் பெயரையே சுமந்து திருவிதாங்கூர் வரை கப்பலேறிய சரக்கு. தோட்டத்துக் கன்றிலிருந்து சுருட்டுக் கொட்டில் வரை எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த நிதியில் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. வாய், தொண்டைப் புற்றுநோய்க் கட்டிகளில் மிக அதிகமாக விகாரமடைந்து காணப்படும் பரம்பரையலகு பி53க்கு உரியதுதான்.

இந்தப் புரதத்தை உலகம் முதலில் தவறாகத்தான் வாசித்தது. 1979இல் அது கண்டறியப்பட்டபோது புற்றுநோயைத் தூண்டும் பொருளென்றே நம்பினார்கள். 1989 அளவில்தான் அது புற்றுநோயைத் தடுக்கும் பொருள் என்பது தெளிவாயிற்று. காரணம் எளியது. ஆய்வுகூடங்களில் முதலில் கைக்குக் கிடைத்த பரம்பரையலகுப் பிரதிகள் பல ஏற்கெனவே விகாரமடைந்தவை. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் போன்ற பதிப்பாசிரியர்கள் அறிந்த தொல்லைதான் இது: பிழைபட்ட ஏட்டை மூலமென்று கொண்டால், எவ்வளவு கூர்மையாக உரை எழுதினாலும் பொருள் தலைகீழாகும். பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்ட பிறகே மூலம் துலங்கும். பி53க்கும் அப்படித்தான் துலங்கியது.

மூலம் துலங்கி ஐந்து ஆண்டுகளில் வடிவமும் தெரிந்தது. 1994இல் நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெற்றறிங் நிலையத்தில் நிக்கொலா பாவ்லெற்றிச்சின் குழுவினர் பி53இன் நடுப்பகுதியை ஒரு துண்டு டி.என்.ஏயோடு சேர்த்துப் பளிங்காக்கினார்கள். அதனூடாக எக்ஸ் கதிரைச் செலுத்தி, 2.2 ஆங்ஸ்ட்ரம் நுட்பத்தில் படம் கண்டார்கள். ஒரு மில்லிமீற்றரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ரம். இரு காபன் அணுக்களின் இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை ஆங்ஸ்ட்ரம். அணுக்களின் இருப்பிடம் ஐயமின்றித் தெரியும் அளவு அது. பளிங்கின் ஒவ்வோர் அலகிலும் புரதத்தின் மூன்று பிரதிகளும் டி.என்.ஏயின் ஒரு துண்டும் இருந்தன. மூன்றில் ஒன்றுதான் உரிய இடத்தைச் சரியாகப் பற்றியிருந்தது. இரண்டாவது பொருந்தாத இடத்தில் பட்டும் படாமலும் நின்றது. மூன்றாவது டி.என்.ஏயைத் தொடாமல், அயலிலுள்ள புரதங்களில் சாய்ந்து பளிங்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. தேடுவது, தவறிப் பிடிப்பது, சரியாகப் பிடிப்பது என்ற மூன்று நிலைகளும் ஒரே படத்தில் விழுந்தது போன்ற தற்செயல் அது. அந்தப் படத்தின் அணு ஆயங்கள் புரதத் தரவு வங்கியில் 1TUP என்ற குறியீட்டில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் கைத்தொலைபேசியிலேயே அதைத் திறந்து, சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம்.

அப்படிச் சுழற்றும்போது முதலில் கண்ணில் படுவது இரண்டு தகடுகள். சங்கிலி நீளமாக ஓடி, திரும்பி, எதிர்த்திசையில் ஓடி, மறுபடி திரும்புகிறது. பக்கத்துப் பக்கத்து ஓட்டங்களை ஐதரசன் பிணைப்புகள் கட்டுகின்றன. நான்கு ஓட்டங்கள் கொண்ட ஒரு பீற்றாத் தகடும் ஐந்து ஓட்டங்கள் கொண்ட இன்னொன்றும் முகத்தோடு முகம் படிந்திருக்கின்றன. நீரை வெறுக்கும் பக்கச்சங்கிலிகள் எல்லாம் இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்கின்றன. சங்கிலியின் ஒவ்வொரு முடிச்சும் எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்று 1963இல் கணக்கிட்டு வரைந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும். இன்றும் உலகின் எந்தப் புரத வடிவமும் அந்த வரைபடத்தில் நிறுத்திச் சோதிக்கப்படுகிறது. பி53இன் இந்தத் தகடுகளின் கோணங்களும் இராமச்சந்திரன் வரைபடத்தின் மேல் இடது மூலையில் போய்ச் சேர்பவையே.

தகடுகள் இரண்டும் டி.என்.ஏயை வாசிப்பதில்லை. அவை தாங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். வாசிக்கும் வேலை முழுதும் தகடுகளின் ஒரு விளிம்பிலிருந்து நீளும் தடங்களிடமும் ஒரு சிறிய அல்பாச் சுருளிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ இருநூறு அமினோ அமிலங்கள் கொண்ட இந்த மண்டலத்தில் டி.என்.ஏயைத் தொடுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவையெல்லாம் அந்தச் சிலவற்றைச் சரியான இடத்தில், சரியான சாய்வில் பிடித்து வைத்திருப்பதற்காகவே இருக்கின்றன. இந்தச் சிக்கனம்தான் முதல் நயம்.

டி.என்.ஏயின் முறுக்கில் இரண்டு தவாளிப்புகள் ஓடுகின்றன: ஒன்று அகலமானது, மற்றது ஒடுங்கியது. நைதரசன் மூலங்களின் ஓரங்கள் அகலத் தவாளிப்பில் நன்றாக வெளித்தெரியும். எழுத்துகளை வேறுபிரித்து வாசிக்க அதுவே வசதியான இடம். பி53இன் அல்பாச் சுருள் அங்கேதான் இறங்குகிறது. சுருளில் உள்ள 280ஆம் ஆர்ஜினின் ஒரு குவானினை இரண்டு ஐதரசன் பிணைப்புகளால் பற்றுகிறது. அருகே 277ஆம் சிஸ்டீனும், முதல் தடத்திலிருந்து நீளும் 120ஆம் லைசினும் தத்தம் எழுத்துகளைத் தொடுகின்றன. ஆர்ஜினினும் குவானினும் இப்படி இரட்டைப் பிணைப்பில் பொருந்தும் என்று 1976இலேயே நாட்ரியன் சீமன், ஜோன் றோசன்பேர்க், அலெக்சாண்டர் றிச் மூவரும் தாளில் வரைந்து காட்டியிருந்தார்கள். 18 ஆண்டுகள் கழித்துப் பளிங்குக்குள் அது உண்மையாய் நின்றது.

ஏன் ஆர்ஜினின்? அதன் பக்கச்சங்கிலி நீளமானது. மூன்று காபன்களைத் தாண்டி ஒரு தட்டையான முனையில் முடிகிறது. அந்த முனையில் ஒரு காபனைச் சுற்றி மூன்று நைதரசன்கள். பிணைப்புக்குக் கொடுக்க ஐந்து ஐதரசன்கள். உடலின் எந்தக் கலத்திலும் இழக்காத நேரேற்றம். எட்டிப் பிடிக்கும் நீளம், எழுத்தை அறியும் முனை, மறையேற்றமுள்ள டி.என்.ஏயை ஈர்க்கும் மின்தன்மை ஆகிய மூன்றும் ஒரே அமினோ அமிலத்தில் கூடியிருக்கின்றன. ஆறு எண்களில் ஐந்து ஆர்ஜினினாக இருப்பது தற்செயல் அல்ல. ஐந்துக்கும் வேலை வேறு வேறு என்பதுதான் சுவை.

248இலிருந்து தொடங்கலாம். ஆறிலும் மிக நுட்பமான இடம் இதுவென்பது என் துணிபு. சுருள் அகலத் தவாளிப்பில் இறங்கும்போது, மூன்றாம் தடத்தின் நுனியில் உள்ள இந்த ஆர்ஜினின் ஒடுங்கிய தவாளிப்புக்குள் புகுகிறது. அங்கே எழுத்துகளைப் பிரித்தறிவது கடினம். ஆனால் இந்த ஆர்ஜினின் எழுத்தைத் தேடவில்லை, வடிவத்தைத் தேடுகிறது. பி53 தேடும் முகவரியின் அமைப்பு இது: அடெனினோ குவானினோ ஆன மூன்று எழுத்துகள், ஒரு சைற்றோசின், அடெனினோ தைமினோ ஆன இரண்டு, ஒரு குவானின், கடைசியில் சைற்றோசினோ தைமினோ ஆன மூன்று. ஆகமொத்தம் பத்து. நடுவிலுள்ள அந்த அடெனின், தைமின் பகுதியில் தவாளிப்பு மேலும் ஒடுங்குகிறது. ஒடுங்கினால் மறையேற்றம் அங்கே செறியும். நேரேற்றமுள்ள ஆர்ஜினினுக்கு அதைவிட இதமான இடம் ஏது?

2010இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சிப்போரா ஷக்கெட்டின் குழுவினர் வெளியிட்ட படங்களில் இன்னொரு நுணுக்கம் தெரிந்தது. அந்த நடு எழுத்துகள் வழக்கமான வாற்சன், கிரிக் முறையில் இணைசேரவில்லை. அடெனின் தன் அச்சில் புரண்டு, கார்ஸ்ற் ஹூக்ஸ்டீன் 1959இல் கண்டறிந்த வேறொரு முறையில் தைமினோடு சேர்ந்திருந்தது. அவ்வாறு சேரும்போது இரு இழைகளும் சற்றே நெருங்கும். ஏற்றமும் அங்கே மாறும். டி.என்.ஏ விறைத்து நிற்கப் புரதம் மட்டும் வளைந்து கொடுக்கிறது என்று எண்ணியிருந்தோம். இங்கே வாசிக்கப்படுவதும் வாசிப்பதற்கு இசைந்து கொடுக்கிறது.

273ஆம் ஆர்ஜினினுக்கு எழுத்தோடு சம்பந்தமே இல்லை. அது டி.என்.ஏயின் முதுகெலும்பிலுள்ள ஒரு பொசுபேற்றைப் பற்றுகிறது. எந்த எழுத்தாயிருந்தாலும் பொசுபேற்று ஒன்றுதான். ஆகவே இதை வாசிப்பு என்று சொல்ல முடியாது, வெறும் பிடிமானம். ஆனால் பக்கத்திலுள்ள 281ஆம் அஸ்பாற்றிக் அமிலத்தைப் பாருங்கள். அதன் மறையேற்றம் இந்த ஆர்ஜினினை ஒரு குறித்த சாய்வில் நிறுத்தி வைக்கிறது. நெகிழ்ந்தாடக்கூடிய நீளமான பக்கச்சங்கிலிக்கு அசையாத ஓர் இருக்கை கிடைக்கிறது. 273ஐ எடுத்துவிட்டால் புரதம் குலையாது. மடிப்பெல்லாம் அப்படியே இருக்கும். பிடிதான் நழுவும்.

175க்கும் 249க்கும் வேலை நேர்மாறானது. இரண்டும் டி.என்.ஏயைத் தொடுவதே இல்லை. 248 நுழையும் மூன்றாம் தடத்துக்கு ஏதோ ஒன்று ஆதாரமாக இருக்க வேண்டும் அல்லவா? இரண்டாம் தடமே அந்த ஆதாரம். இரண்டு தடங்களையும் கட்டி வைப்பது ஒரே ஒரு நாக அயன். இரண்டாம் தடத்திலிருந்து 176ஆம் சிஸ்டீனும் 179ஆம் ஹிஸ்டிடினும், மூன்றாம் தடத்திலிருந்து 238, 242ஆம் சிஸ்டீன்களும் நான்முகி வடிவில் நாகத்தைச் சூழ்கின்றன. சங்கிலியில் அறுபது இடங்கள் தள்ளியிருப்பவை அந்த ஒற்றை அயனைச் சுற்றி அண்டை வீட்டாராகின்றன. நாகத்துக்கு அடுத்த எண்தான் 175. அந்த ஆர்ஜினின் குலைந்தால் நாகம் தங்காது, தடங்கள் தளரும், 248 தன் வழியைத் தவறவிடும். 249ஆம் ஆர்ஜினின் 171ஆம் குளுற்றாமிக் அமிலத்தோடு மின்பிணைப்புக் கொண்டு அதே இரு தடங்களையும் இன்னொரு பக்கத்தில் தைக்கிறது. 248 டி.என்.ஏயைத் தொட, அதற்கு அடுத்ததான 249 திரும்பித் தன் புரதத்தையே தாங்குகிறது.

245 மட்டும் ஆர்ஜினின் அல்ல, கிளைசின். பக்கச்சங்கிலி என்று சொல்ல ஒரு ஐதரசன் மட்டுமே உள்ள, மிகச் சிறிய அமினோ அமிலம். மோதுவதற்கு ஒன்றுமில்லாததால் இராமச்சந்திரன் வரைபடத்தில் அதற்கு அனுமதியுள்ள பரப்பு மற்றெல்லாவற்றையும்விட விசாலமானது. மூன்றாம் தடம் நாகத்தை விட்டு விலகி டி.என்.ஏயை நோக்கித் திரும்பும் நெருக்கடியான பகுதியில் அதை வைத்திருக்கிறது இயற்கை. அந்த இடத்தில் சிறிய செரின் வந்து குந்தினாலும் போதும், தடத்தின் ஒழுங்கு கெட்டுவிடும். இல்லாமையே தகுதியான இடம் அது. 282ஆம் ஆர்ஜினின் அல்பாச் சுருளின் உட்புறமிருந்து, சுருளை அதன் பின்னாலுள்ள தகட்டோடும் முதல் தடத்தோடும் இறுக்குகிறது. அது போனால் 280 குவானினை எட்டும் கோணமே மாறிவிடும்.

ஆறையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு திட்டம் தெரியும். இரண்டு தொடுகின்றன, நான்கு தொடுபவற்றைத் தாங்குகின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். அலங்காரத்துக்கென்று வைத்த அணு ஒன்றுகூட இங்கில்லை.

ஒரு பி53 தனியாக நின்று வேலை செய்வதில்லை. பத்தெழுத்து முகவரி இருமுறை வரும். நான்கு பி53கள் இரண்டிரண்டாக அவற்றில் அமரும். அருகருகே அமரும் இரண்டில், ஒன்றின் 180ஆம் குளுற்றாமிக் அமிலம் மற்றதன் 181ஆம் ஆர்ஜினினைப் பற்ற, மற்றதன் 180 இதன் 181ஐப் பற்றுகிறது. கொடுப்பதும் வாங்குவதும் சமமான பிணைப்பு. ஒன்று பற்றியதும் அடுத்தது பற்றுவது எளிதாகிறது. இதனால்தான் தனியொன்றின் தளர்ந்த பிடி நான்கு சேர்ந்ததும் உறுதியாகிறது. நான்கில் ஒன்று பழுதானாலும் கூட்டம் தடுமாறுவதும் இதே காரணத்தால்தான்.

இனி இந்த அழகின் விலை. டி.என்.ஏயில் ஆர்ஜினினைக் குறிக்கும் மூவெழுத்துகள் ஆறு. அவற்றில் நான்கு சைற்றோசின், குவானின் என்று தொடங்குகின்றன. மனித டி.என்.ஏயில் குவானினுக்கு முன்னால் வரும் சைற்றோசினில் பெரும்பாலும் ஒரு மெதைல் கூட்டம் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட சைற்றோசின் தானாகவே அமைன் இழந்து தைமினாக மாறும் இயல்புடையது. 175, 248, 273, 282 நான்கும் இந்த வகை எழுத்துகளால் எழுதப்பட்டவை. டி.என்.ஏயை வாசிப்பதற்கு எல்லாவற்றிலும் தகுதியான அமினோ அமிலம், டி.என்.ஏயில் எளிதில் சிதையும் எழுத்துகளாலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆறு எண்களின் பின்னாலுள்ள ஆழமான முரண் இதுதான். நுண்ணிய இடம் என்பதால் மட்டும் அங்கே நோய் குவியவில்லை. நுண்மைக்கு வேண்டிய பொருளே உதிரும் பொருளாக வாய்த்துவிட்டது.

வெளியிலிருந்து வரும் நஞ்சும் இந்த இடங்களை நன்றாக அறியும். 1996இல் மிக்கைல் டெனிசென்கோவும் கேட் பைபரும் அவர்களது சகாக்களும் புகையிலைப் புகையிலுள்ள பென்சோபைரீனின் விளைபொருளைக் கலங்களில் சேர்த்து, அது பி53 பரம்பரையலகில் எங்கெங்கே ஒட்டுகிறது என்று தேடினார்கள். 157, 248, 273 ஆகிய இடங்களில் அது விரும்பி ஒட்டியது. புகைப்பவர்களின் சுவாசப்பைப் புற்றுநோயில் அடிக்கடி விகாரமடையும் இடங்களும் அவையே. ஆறு எண்களில் டி.என்.ஏயைத் தொடும் இரண்டு ஆர்ஜினின்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 249இன் மூவெழுத்து வேறு வகை. அடெனின், குவானின், குவானின். அதைக் குலைப்பது புகையல்ல, பூஞ்சணம். ஈரம் பட்ட நிலக்கடலையிலும் கொப்பராவிலும் வளரும் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணத்தின் அஃப்ளாரொக்சின் கடைசிக் குவானினைத் தைமினாக்கிவிடும், ஆர்ஜினின் செரினாகும். சீனத்திலும் தென்னாபிரிக்கப் பகுதிகளிலும் ஈரல் புற்றுநோயாளரிடம் இந்த ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வருவதை 1991இல் இரண்டு குழுக்கள் அறிவித்தன. கட்டியில் கண்ட எழுத்துப் பிழையை வைத்தே அதைச் செய்த நஞ்சு எதுவென்று ஊகிக்கும் அளவுக்கு இந்த வடிவம் வாசிக்கப்பட்டுவிட்டது.

அதோடு, இந்த மண்டலம் உறுதிக்காகச் செய்யப்பட்டதே அல்ல. சோதனைக் குழாயில் அது உருகிக் குலையும் வெப்பநிலை ஏறத்தாழ 44 பாகை செல்சியஸ். நம் உடல் வெப்பம் 37. இடையில் ஏழு பாகைதான். வேலை முடிந்ததும் விரைவில் மறையவேண்டிய புரதத்துக்கு இந்தத் தளர்ச்சி பொருத்தமே. ஆனால் அதனால் எங்கோ ஓர் ஓரத்தில் நேரும் சிறு மாற்றமும் முழு மண்டலத்தையும் குலைக்கப் போதுமானதாகிறது. 220ஆம் இடத்தில் உள்ள தைரோசின் இதற்குச் சான்று. டி.என்.ஏயைத் தொடும் விளிம்புக்கு மறுகோடியில், தகடுகளின் கடைசியில் அது இருக்கிறது. அந்தப் பெரிய வளையமுள்ள அமினோ அமிலத்தின் இடத்தில் சிறிய சிஸ்டீன் வந்தால், வளையம் இருந்த இடம் வெறுமையாகும். புரதத்தின் மேற்பரப்பில் ஒரு குழி விழும். தகடுகள் தளர்ந்து, உடல் வெப்பத்திலேயே மண்டலம் குலையும்.

அந்தக் குழியின் வடிவத்தை அணு அணுவாகப் பார்த்தவர்கள் கேம்பிரிட்ஜில் அலன் பேர்ஷ்ற்றின் குழுவினர். குழிக்குள் பொருந்தி நிற்கக்கூடிய ஒரு சிறிய மூலக்கூற்றைத் தேடி, 2008இல் ஒன்றை அறிவித்தார்கள். அது உள்ளே அமர்ந்தால் தகடுகள் மீண்டும் இறுகுகின்றன. தொலைவிலுள்ள ஆர்ஜினின்கள் மறுபடி தம் இடத்துக்கு வருகின்றன. அதே குழியை நோக்கிப் பின்னர் உருவான சேர்வைகள் இப்போது நோயாளரிடம் பரிசோதிக்கப்படுகின்றன. 248உம் 273உம் போனால் போன விரலைத் திருப்பித் தருவது கடினம். மருந்து நின்றுகொள்ள அங்கே இடமில்லை. 220ஆம் எண் மனப்பாடப் பட்டியலில் இல்லாத ஒன்று. மருந்துக்கு வாசல் திறந்தது அதுதான்.